பெயருக்கு முன்னாலும் பின்னாலும்

கல்யாணக் கார்டோ, கோயில் நோட்டீஸோ, மரண அறிவித்தலோ, அச்சுக்கடைக்கு வரும் சண்டையெல்லாம் பெயரால்தான் வரும்.

தெரணியகலை டவுனில் ஒரு சின்ன அச்சுக்கடையில் பதினொரு வருடமாகத் தமிழ் டைப் செய்கிறேன். முதலாளி சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்க வராது. ஆகவே தமிழில் வரும் புகழும் பழியும் எனக்கே. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பிழைக்கிற எல்லாருக்கும் நான் படும் பாடு புரியும்.

சாமியைவிடப் பெரிசு

ஒரு றப்பர் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் திருவிழா நோட்டீஸ் அடிக்க வந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். தன் பெயரைப் பெரிதாக்கச் சொன்னார், ஆக்கினேன். போதாது என்றார். நாலாவது தடவை அவர் பெயர் மாரியம்மன் பெயரைவிடப் பெரிதாகிவிட்டது.

"தலைவரே, சாமியவிட நீங்க பெருசா வந்துட்டீங்க" என்றேன், கொஞ்சம் குத்தலாகவே. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப சாமி பேரவிட ஒரு அளவு சின்னதா போடு பிள்ள. ஆனா ரொம்பச் சின்னதாக்கிடாத. பால் வெட்டுன காலம் பூராவும் எம்பேரு தோட்டத்துச் சம்பளப் பதிவு செக்ரோல்ல மட்டுந்தான் இருந்துச்சு. அதையும் தப்பாத்தான் எழுதியிருந்தாங்க."

சமாதானம்

ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஒருவருக்குச் சமாதான நீதவான் பட்டம் கிடைத்தது. வீட்டு வாசலில் மாட்டப் பெயர்ப்பலகை கேட்டார். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. வாங்க வந்தது அவர் மனைவி. மூன்றையும் வரிசையாக வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"இதுல ஒன்ன வீட்டுக்குள்ள மாட்டட்டுமா மகள்? எங்க குசினிக்கும் கொஞ்சம் சமாதானம் வருதான்னு பாப்போம்."

மெனேஜர் மாப்பிள்ளை

கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் ராஜா தன் கல்யாணக் கார்டுக்கு வந்தான். பெயருக்குக் கீழே 'முகாமையாளர்' என்று போடச் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. போன மாதந்தான் அந்தக் கடையில் அவனிடம் சேலை வாங்கியிருந்தேன். உதறி, விரித்து, மடித்துக் காட்டியவன் அவன்தான். "நாளைக்குத்தான் அடிப்போம். ஏதாவது மாத்துறதா இருந்தா காலையில சொல்லு" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து நின்றான். கண் சிவந்திருந்தது, முகம் தெளிவாக இருந்தது. பெண் வீட்டில் மெனேஜர் என்று சொல்லித்தான் பேசி முடித்திருக்கிறார்கள். கல்யாணமே நின்றாலும் பரவாயில்லை என்று அந்தப் பெண்ணுக்கு போன் எடுத்து உண்மையைச் சொல்லிவிட்டானாம். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"'மெனேஜர் வீட்ல எப்படி நடந்துக்கிறதுன்னே தெரியாம பயந்துகிட்டு கெடந்தேன், இப்பதான் மூச்சு வருது'ன்னு சொல்லிட்டாக்கா. கார்டுல அந்த 'முகாமையாளர்'அ எடுத்துருங்க."

விட்டுப்போன பெயர்

இதைச் சொல்லத்தான் தயக்கம். என் டைப்பில் பிழை வராது என்று எனக்கொரு பெருமை உண்டு. யாராவது பிழை காட்டினால், "நீங்க எழுதித் தந்தபடிதான் அடிச்சேன்" என்பது தானாக வாயில் வரும். ஒரு பெரியவர் இறந்தபோது, அவருடைய மூத்த மகன் எழுதித் தந்த மரண அறிவித்தலை அடித்துக் கொடுத்தேன். மாலையில் அவர் போனில், "தம்பி சேகர் பேரு இல்லையே" என்றார். என் வழக்கமான பதிலைச் சொன்னேன். சாவு வீட்டு அலைச்சலில் இருந்த மனிதர், "அப்ப நாந்தான் மறந்துட்டேன் போல" என்று வைத்துவிட்டார். பிறகுதான் தாளைப் பார்த்தேன். பிள்ளைகள் வரிசையில் மூன்றாவது பெயர் சேகர். தாளைக் கீபோர்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மறுநாள் காலை சேகரே கடை வாசலில் நின்றார். சிங்களப் பெண்ணைக் கட்டிக் குருவிட்டயில் குடியிருப்பவர். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா ஒன்பது வருடமாக அவரோடு பேசவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும், அடியில் எங்கள் கடைப் பெயரோடு சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்திருக்கிறார். மனைவியும் மகளும் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார்கள். "அண்ணன் எம்பேர குடுக்கலையாங்க? அத மட்டும் சொல்லுங்க. இப்படியே திரும்பிப் போயிடுறோம்" என்றார்.

ஆமாம், கொடுக்கவில்லை என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தாளை எடுத்து நீட்டினேன். "அண்ணன் எழுதியிருக்காருங்க. நாந்தான் விட்டுட்டேன். கேட்டப்பவும் அவர் மேலயே பழிய போட்டுட்டேன்." அவர் முன்னாலேயே அண்ணனுக்கு போன் எடுத்து அதையே சொன்னேன். பிறகு புது அறிவித்தல் அடித்துக் கொடுத்தேன். சேகர் அண்ணன் கையெழுத்திருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"'நான் செஞ்சது பிழை'ன்னு எங்கப்பா வாயால ஒரு வார்த்த கேக்க ஒம்பது வருஷம் காத்திருந்தேங்க. அது உங்க வாயால வந்துச்சு. பரவால்ல, நாங்க வீட்டுக்குப் போறோம்."

ஊரார் அகந்தையையெல்லாம் பதினொரு வருடமாகத் திருத்தி அச்சடித்துக் கொடுக்கிறேன். என்னுடையது மட்டும் இன்னும் பிழை திருத்தும் புரூஃபிலேயே நிற்கிறது.