மகளுக்கு மோட்டோகுரோஸ் பழக்க ஆள் தேடியது

என் கணவர் மோட்டார் சைக்கிளில் போய் இறந்து ஐந்தாறு மாதம் இருக்கும். பன்னிரண்டு வயது மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா, நான் மோட்டோகுரோஸ் பழகணும்" என்றாள். நான் "ம்" என்றேன். "நெசமாவா?" என்று கேட்டாள். அதற்கும் "ம்" தான். அவள் தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தப் போய்விட்டேன்.

பின்னாளில் இதைக் கேட்டவர்கள் எல்லாம், என்ன தைரியமான தாய் என்று மெச்சினார்கள். தைரியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒன்றை வேண்டாம் என்று சொல்ல உடம்பில் கொஞ்சமாவது தெம்பு வேண்டும். அது என்னிடம் இல்லை. சரி என்பதுதான் சுலபமாக இருந்தது.

பலாங்கொடைக்கு மேலே மலையில் எங்கள் தோட்டம். அவர் அங்கே பீல்ட் ஆபீசர், நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். விடியற்காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகும் வழியில், மழைக்கு மண் சரிந்து கிடந்த வளைவில் சறுக்கி ரோட்டோர மழைத்தண்ணிக் கானுக்குள் விழுந்தார். கைப்பிடியை விடாமலேயே கிடந்தார் என்று தூக்கியவர்கள் சொன்னார்கள். தோட்டத்து வண்டி அல்லவா, சேதமானால் துரைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார். வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. துடைத்து, கண்ணாடி மாற்றி, அடுத்து வந்த ஆபீசரிடம் கொடுத்துவிட்டார்கள். தினமும் விடியற்காலையில் அதே சத்தம் எங்கள் வாசலைக் கடந்து போகும். முதல் வாரத்தில் ஒருநாள் அந்தச் சத்தம் கேட்டு, நேரமாகிவிட்டதே என்று அவசரமாகத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். பிறகு வைக்கவில்லை.

நான் அழவில்லை. டீச்சர் அழவே இல்லை என்று ஆட்கள் குடியிருக்கிற லயம் லயமாகப் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அழுகையை அடக்கிவைத்திருக்கவும் இல்லை. எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். அட்டை கடித்துச் செருப்பெல்லாம் ரத்தமாக இருந்ததைக்கூட வகுப்பில் பிள்ளைகள் சொல்லித்தான் குனிந்து பார்த்தேன்.

மகள் அந்த மோட்டோகுரோஸ் ஓட்டத்தைப் பார்த்தது அவரோடுதான். சுனாமிக்கு அடுத்த சித்திரையில், புதுவருட விளையாட்டுக்காக டவுனுக்குக் கீழே ஒரு வெளியை வெட்டி, மேடும் பள்ளமுமாக்கி, பையன்கள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு ஓடியதை இரண்டு பேரும் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர் சட்டையில் பட்ட சேறு துவைத்தும் போகவில்லை. ஆனால் பழக வேண்டும் என்று அப்போது அவள் கேட்கவில்லை.

சேதி அறிந்து பக்கத்துத் தோட்டத்திலிருந்து நாத்தனார் ஓடி வந்தாள். அவருடைய தங்கை, என்மேல் பாசமானவள்.

"அண்ணி, ஒங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அண்ணன் எதுல போனாருன்னு மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

"பட்ட காலிலேயே படும்னு சொல்லுவாங்க. நீங்க என்னடான்னா காலை நீட்டிக் குடுக்கிறீங்க."

"சீனி போதுமா?" என்று கேட்டேன். கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது.

"எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள். தப்பாகச் சொல்லவில்லை. எருமைக்காவது குளிர்ச்சி தெரியும்.

சரி என்று சொல்லியாயிற்று. யூனிபோர்ம் துணி எடுக்கப் போகிற மாதிரி, ஒரு சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். எங்கே போய்க் கேட்பது என்று எனக்கு என்ன தெரியும்? வாகனம் பழக்குகிற லேனர்ஸ் ஒன்று டவுனில் இருந்தது, நேராக அங்கே போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மகனுக்கா டீச்சர்?"

"இல்ல, மகளுக்கு. இவளுக்குத்தான்."

அவர் சிரித்தார். "இங்க லைசனுக்குத்தான் பழக்குறோம். மேட்டுல பாயறதுக்கு இல்ல. இவங்க அப்பா என்ன சொல்றாரு?"

"அவரு பைக்குல போய் செத்துட்டாரு."

வாயில் போட்ட பிஸ்கட்டை மெல்லாமல் நின்றுவிட்டார் மனுஷன். அதற்குப் பிறகு எங்கே போனாலும் இதே கேள்வி வந்தது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோல் நானும் இதே பதிலைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் மகள் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்ப்பாள். எதற்குப் பார்க்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை.

இரண்டு பஸ் மாறிப் போனால் ஒரு கிளப் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கும் பழக்குகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். போனோம். பழகுகிற மைதானம் ஒரு ராணுவ முகாமை ஒட்டி இருந்தது. சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த நேரம். கேட்டில் நின்றவர் என் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் பார்த்தார். மகளின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். நிலைமை சீரானதும் வாருங்கள் டீச்சர் என்று சிங்களத்தில் மரியாதையாகத்தான் சொன்னார். நானும் மரியாதையாகச் சரி என்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம் வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன.

பஸ்ஸில் மகள் கேட்டாள்: "நீங்க ஒண்ணுமே சொல்லலியேம்மா."

"என்னத்தச் சொல்ல?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசியில் ஆள் கிடைத்தது ஸ்பெயார்பார்ட்ஸ் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம். கிளட்ச் கேபிள், பிளக் என்று என் கணவர் வழக்கமாக வாங்குகிற கடை. நானா, இவள் அப்பா இருந்தால் வேண்டாம் என்றிருப்பார் என்றோ, பெண் பிள்ளை என்றோ ஒன்றும் சொல்லவில்லை. மகளுக்கு ஒரு நெக்டோ சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, "பின்னால கராஜ்ல ஒரு பொடியன் ஈக்கிறான் டீச்சர். சிங்களப் பொடியன். சித்திரை வருசத்துக்கு ரேஸ் ஓடுறவன். வாய்தான் சரியில்ல. பழக்குவானோ தெரியா" என்றார்.

அந்தப் பையனுக்கு இருபத்தைந்துக்குள் இருக்கும். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. நான் சொன்னதையெல்லாம் மீன் பணிஸைத் தின்றுகொண்டே கேட்டான். பிறகு ஒரு சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் முன்னால் தரையில் சாய்த்துப் போட்டான்.

"தூக்கச் சொல்லுங்க" என்றான் சிங்களத்தில்.

மகள் இழுத்தாள். வண்டி அசையவில்லை. தூக்க முடிகிற அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பணிஸை எடுத்தான். வேண்டாம் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறான் என்று நினைத்தேன். ஆனால் மகள் சனிக்கிழமைதோறும் போவோம் என்றாள். போனோம். கையால் இழுக்காமல், குந்தி, இடுப்பைக் கொடுத்து அவள் வண்டியை நிமிர்த்திய அன்று அவன் தன் ஹெல்மெட்டை அவள் தலையில் கவிழ்த்தான். கழுத்துவரை இறங்கியது. உள்ளே துணி அடைத்தோம்.

ஆற்றோரத்தில் மாணிக்கக் குழி வெட்டி மூடிய நிலம் ஒன்று நானாவின் சொந்தக்காரருடையது. கழுவிப்போட்ட கல்லும் மண்ணும் அங்கங்கே மேடாகக் கிடக்கும். அங்கேதான் பழக்கினான். முதலில் எஞ்சினையே போடவில்லை. தள்ளிவிட்டு, நின்றுகொண்டே போகச் சொன்னான். முட்டியால் டாங்கை இறுக்கு, முழங்கையை விரி, சக்கரத்தைப் பார்க்காதே, போகிற இடத்தைப் பார். இவ்வளவுதான் பாடம். என் வகுப்பில் நான் பேசுவதில் கால்வாசிகூட இல்லை.

ஒருநாள் முழுக்க விழப் பழக்கினான். புல்லில் மெதுவாகப் போய், அவன் கைதட்டியதும் விழ வேண்டும். மகள் ஹேண்டிலைப் பிடித்தபடியே விழுந்தாள். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கையை விடு. வண்டி போனாப் போகுது. அதோட சேர்ந்து நீ போகாத. விட்டுடு."

நான் ஒரு கல்லில் உட்கார்ந்து கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது காதில் விழுந்தது. அவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நினைத்தேன். கையிலிருந்த பேனை ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போனது.

எஞ்சின் போட்ட பிறகு அவள் நிறைய விழுந்தாள். விழுந்ததும் முழங்காலைப் பார்க்கமாட்டாள், என்னைப் பார்ப்பாள். "அடிபட்டுச்சா?" என்பேன். "இல்ல" என்பாள். நான் குனிந்துகொள்வேன். வீட்டில் மஞ்சள் பற்றுப் போட்டுவிடும்போதுகூட, வேறு யாருடைய காலுக்கோ போடுகிற மாதிரித்தான் இருந்தது.

மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பையன் ஒரு மேட்டை மண்வெட்டியால் செதுக்கி வைத்திருந்தான். இன்றைக்கு இதில் ஏறிப் பாயட்டும், இரண்டு சக்கரமும் நிலத்தை விடும் என்றான். அதற்கு மட்டும் என் வாயால் சம்மதம் கேட்டான். "டீச்சர் சொன்னாத்தான்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மகள் ஏறி உட்கார்ந்திருந்தாள், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் "ம்" என்று தலையாட்டினேன்.

மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது.

"ஒரு தடவையாவது வேணாம்னு சொல்லுங்கம்மா."

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்குப் பழகணும்னு கேட்டேன்ல, நீங்க அடிப்பீங்கன்னு நெனச்சுத்தான் கேட்டேன். அடிச்சுட்டு அழுவீங்கன்னு. நீங்க பஸ் ஏத்திக் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க." ஹெல்மெட்டை டாங்கின் மேல் வைத்தாள். "நான் விழுந்தாலும் ஒங்களுக்கு ஒண்ணும் இல்லியா?"

கொப்பி கையில் இருந்தது. மேட்டைப் பார்த்தேன். அத்தனை சனிக்கிழமை அங்கே உட்கார்ந்திருந்தும், அங்கே கிடந்த கல் ஒவ்வொன்றும் எவ்வளவு கூராக இருக்கிறது என்று அப்போதுதான் பார்க்கிறேன். என் பிள்ளையின் கழுத்து எவ்வளவு மெல்லியது என்றும் பார்த்தேன். பயமாக இருந்தது. பயம் இப்படித்தான் இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

"வேணாம்" என்றேன். சத்தம் சரியாக வரவில்லை. "வேணாம். எறங்கு."

அந்தப் பையனுக்கு அவ்வளவு தமிழ் தெரிந்திருந்தது. எட்டிச் சாவியைத் திருகினான். மகள் உடனே இறங்கினாள். என் பக்கத்தில் வந்து கல்லில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழுதோம். அவன் எங்கே போவதென்று தெரியாமல் போய் ஆற்றில் முகம் கழுவினான்.

அத்தோடு விட்டுவிடுவாள் என்று நாத்தனார் நினைத்தாள், நானும் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை எனக்கு முன்னாலேயே பஸ்ஸுக்குப் போய் நின்றாள். இப்போது நிஜமாகவே ஆசை வந்துவிட்டது என்றாள். நான் வழி முழுக்கச் சண்டை போட்டேன், பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆற்றோரத்திலும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று வேணாம், வேணாம் என்றுதான் சொன்னேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சுற்றிவந்து, மேட்டில் ஏறினாள். இரண்டு சக்கரமும் நிலத்தை விட்டன. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் நின்ற பையனுக்குக்கூடக் கேட்டிருக்காது.

அவள் ஆட்டம் கண்டு, நிமிர்ந்து, அரைவட்டம் அடித்து என் முன்னால் வந்து நிறுத்தினாள். முகமெல்லாம் மண்.

"கேட்டுச்சும்மா" என்றாள்.