நுரைக்காகப் போட்ட சீனி

கண்டி மஹய்யாவையில் நண்பன் குமாரின் வீட்டில் நாங்கள் இருவரும் பொழுதுபோக்காக பியர் காய்ச்சுவோம். ஒருமுறை போத்தல்களில் அடைக்கும்போது, நுரை நன்றாக வரட்டும் என்று அவனுக்குச் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் சீனி போட்டேன். நான்காம் நாள், சீனி கூடியதால் உள்ளே வாயு மிஞ்சி ஒரு போத்தல் வெடித்து, கண்ணாடித் துண்டு அவன் கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். "சீனிய அளவு பாத்துப் போடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்!" என்று அவன் மனைவி அவனைத் திட்டி அழுதார். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான், கூடப் போட்டது நான்தான்டா."

"தெரியும். நீ போட்டதப் பாத்தேன். எனக்கும் நுரை வேணும்னுதான் பேசாம இருந்தேன்" என்றான்.

திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். அவன் முகத்துத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம், அன்று வாய் திறந்ததில் நிம்மதியும் முன்பே திறக்காததில் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன.