தண்ணீர் குடிக்கப் பயந்தேன்

பிரேசர் டவுனில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால், காலையில் காப்பி குடித்தபின் மாலை வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிக்காமல் இருந்துவந்தேன்.

சென்ற கோடையில் ஒருநாள் பாடம் நடத்தும்போதே விலாவில் வலி பிடுங்கியது. வீட்டுக்கு வந்தால், சிறுநீரில் ரத்தம். என்ன நோயோ என்று நடுங்கிப்போய்க் கணவரிடம்கூட மறைத்தேன். மூன்றாம் நாள் வலியில் நான் சுருண்டு கிடப்பதைப் பார்த்து, அவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

"தண்ணி எவ்ளோ குடிப்பீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"இந்த வெயில்ல அப்படி இருந்தா கல்லு வராம என்னம்மா செய்யும்?" என்றார்.

மருந்தும் தண்ணீருமாக ஐந்து நாள் துடித்தபின் கடுகளவு கல் வெளியே வந்தது.

இப்போது வகுப்பில் தண்ணீர்க் கூஜா வைத்திருக்கிறேன். வெட்கத்தை விட்டுத் தலைமையாசிரியரிடம் கழிப்பறையும் கேட்டுவிட்டேன்; அவரும் கட்டித்தர ஒப்புக்கொண்டார். அது கட்டி முடியும்வரை, இடைவேளையில் எதிர்வீட்டு அம்மாளிடம் சொல்லிவிட்டு அங்கே போய்வருகிறேன். மற்ற டீச்சர்களும் என்னோடு வருகிறார்கள்.