கல்லறைத் திருநாளுக்குள் வடிய வேண்டிய தண்ணீர்

என் மனைவியின் கல்லறையில் சாக்கடைத் தண்ணீர் நிற்கிறது என்று முதலில் சொன்னவள் அவளுடைய தங்கை. ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில் திருவெறும்பூரிலிருந்து பஸ் ஏறி, கையில் பூவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்தே போன் செய்தாள்.

"அத்தான், அக்காகிட்ட போக முடியல. கேட்டுக்கு உள்ள கால் வெச்சா முழங்கால் வரைக்கும் கறுப்புத் தண்ணி. நாத்தம் குடலப் பிடுங்குது. நீங்க வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். வெறும் மழைத் தண்ணீர் என்றால் நானும் பொறுத்திருப்பேன். இது தெருவின் கழிவெல்லாம் மழையோடு கலந்து உள்ளே இறங்கியது. பாலிதீன் பைகளும் ஒரு ரப்பர் செருப்பும் மிதந்தன. சிலுவையின் மேல்பாதி மட்டும் வெளியே தெரிந்தது. அதில் பொறித்திருந்த அவள் பெயர் தண்ணீருக்கு அடியில் இருந்தது. உயிரோடிருந்த காலத்தில், வாசல் குழாயில் கால் கழுவாமல் யாரையும் அவள் வீட்டுக்குள் விட்டதில்லை. நான் ஆபீசிலிருந்து களைத்து வந்தாலும் சரி, அவளுடைய அண்ணனே விருந்துக்கு வந்தாலும் சரி. அப்படிப்பட்டவளின் தலைமாட்டில் ஊர்க் கழிவு.

கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களை நினைப்பதற்கென்று எங்களுக்கு உள்ள நாள் அது. கல்லறையைக் கழுவி வெள்ளையடித்து, பூவால் மூடி, மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பங்குத்தந்தை ஒவ்வொரு கல்லறையாக வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை காத்து நிற்போம். அவள் போன பிறகு வரும் முதல் திருநாள். அதற்குள் அந்தத் தண்ணீர் வடிய வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வேறொரு ஊரில், நகராட்சி வடிகால் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு மனுவை எப்படி நகர்த்துவது என்று தெரியும். எப்படி நகராமல் வைத்திருப்பது என்பது அதைவிட நன்றாகத் தெரியும். ஆகவே கோபத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முறைப்படி தொடங்கினேன்.

முதலில் செல்போனில் மாநகராட்சிக்குப் புகார். படம் எடுத்து, இடம் குறித்து அனுப்பினேன். மறுநாளே 'புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று பதில் வந்தது. ஆதாரமாக ஒரு படமும் இணைத்திருந்தார்கள். சுத்தமான, காய்ந்த ஒரு தெரு. எந்தத் தெரு என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே குடிபோகலாம் போலிருந்தது.

பிறகு வார்டு அலுவலகம். மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் மரியாதையானவர். நாற்காலியெல்லாம் போட்டார்.

"சார், அது கல்லறை. தனியார் எடம். உள்ள நாங்க வர முடியாது."

"உள்ள வரச் சொல்லல தம்பி. வெளியேர்ந்து உள்ள வர்ற தண்ணிய நிறுத்தச் சொல்றேன். அது யாரு தண்ணி?"

"ரோட்டுல இருக்கிற வரைக்கும் எங்க தண்ணி சார். உள்ள வந்துட்டா உங்க தண்ணி."

நான் பணியில் இருந்தபோது இதையே இன்னும் நல்ல தமிழில் எழுதி அனுப்பியிருப்பேன். அந்த எரிச்சலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனுநாள் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெண்மணிக்குப் பட்டா பிரச்சினை, பின்னால் நின்றவருக்கு மகன் பிரச்சினை. என் மனுவை வாங்கி, முத்திரை குத்தி, 'உரிய நடவடிக்கைக்கு' என்று மேலே எழுதி அனுப்பினார்கள். அது ஊரைச் சுற்றி அதே வார்டு அலுவலகத்துக்கு, அதே எழுத்தரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"உங்க மனு வந்துருக்கு சார்" என்றார், சொந்தக்காரர் கடிதம் வந்திருப்பதைச் சொல்வது போல.

பணிக்காலத்தில், வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஸ்ரீரங்கத்துக்குச் சிறப்புப் பணிக்கு என்னை அனுப்பியிருக்கிறார்கள். வாய்க்கால்களின் வண்டல் முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிடும். வீதியோரம் பிளீச்சிங் பவுடர் கோலம் போட்டது போல நேராக விழும். அதிகாரிகள் காலில் தூசு படாமல் நடப்பார்கள். பெருமாள் மேல் எனக்குப் பொறாமை ஏதுமில்லை. துறைக்கு வேலை செய்யத் தெரியும் என்பதற்கு அதுதான் சாட்சி. கூட்டம் வரும் இடத்துக்குத் துறையும் வரும். எங்கள் கல்லறைத் தோட்டத்திலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் யாரும் எழுந்து வந்து கேட்க மாட்டார்கள்.

பங்குத்தந்தையிடம் போனேன். என் மகன் வயதுகூட இருக்காது. நகரம் தெற்கே வீங்கிக்கொண்டே போவதால் கோயிலுக்கு உட்பட்ட பங்கும் வீங்கிவிட்டது. கே.கே. நகர்ப் பக்கமிருந்தெல்லாம் காரில் பூசைக்கு வருகிறார்கள். அதற்கேற்ப கோயில் வாசலில் பெரிய அலங்கார வளைவு எழும்பிக்கொண்டிருந்தது. சாரத்தின் கீழ் நின்று மேஸ்திரியிடம் பேசிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் கைகூப்பினார்.

"சார், நானும் பாத்தேன். மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. இந்த வருஷம் கல்லறை மந்திரிப்ப கோயிலுக்குள்ளயே வெச்சுக்கலாம்னு இருக்கோம். எல்லா ஆன்மாக்களுக்கும் சேத்து ஒரே ஜெபம்."

"கல்லறைக்கு வர மாட்டீங்களா ஃபாதர்?"

"எடம் முக்கியமில்ல சார். மனசுதான் முக்கியம்."

"அப்ப இந்த வளைவையும் மனசுலயே கட்டிக்கலாமே ஃபாதர். சிமெண்டாவது மிச்சமாகும்."

மேஸ்திரி சிரித்துவிட்டு உடனே சாரத்தைச் சரிபார்க்கத் தொடங்கினார். ஃபாதர் சிரிக்கவில்லை. ஞாயிறு மன்றாட்டில் என் 'மன அமைதிக்காக' ஜெபித்தார்களாம். நான் அன்று பூசைக்குப் போகவில்லை. மைத்துனி சொன்னாள்.

இனி ஒரே வழிதான் இருந்தது. கோயிலுக்கும் மாநகராட்சிக்கும் இடையே எல்லைத் தகராறு என்று காட்டி, இரு தரப்பும் சேர்ந்து இடத்தைப் பார்க்கும் 'கூட்டுத் தணிக்கை' கேட்டு எழுதினேன். அப்படிக் கேட்டால் தேதி கொடுத்தே ஆக வேண்டும், பொறியாளர் நேரில் வந்தே தீர வேண்டும். இது வெளியே பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நானும் பார்த்துக்கொண்டவன்தான்.

உதவிப் பொறியாளர் ஸ்கூட்டரில் வந்தார். மெலிந்த, கண்டிப்பான பெண். கல்லறைக்குள் எட்டிப் பார்த்தார், மூக்கைத் துப்பட்டாவால் மூடினார், ஆனால் திரும்பிப் போய்விடவில்லை. வெளிச்சுவரை ஒட்டி நடந்தார். நானும் மைத்துனியும் பின்னால் நடந்தோம். கல்லறைக்குப் பின்பக்கச் சந்தில் திரும்பியதும் நின்றார். கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"சார், இங்க குறுக்கால ஒரு வாய்க்கா ஓடணும். தெருத்தண்ணி இந்தச் சுவரோரமா வந்து, இந்தச் சந்தக் கடந்து, அந்தப் பக்கம் பெரிய வடிகால்ல விழணும். எங்க அது?"

அந்த வாய்க்காலை நான் சிறுவயதிலிருந்து தாண்டியிருக்கிறேன். இப்போது சந்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வழவழவென்று கான்கிரீட் கிடந்தது. வழியில்லாத தண்ணீர் சுவரின் அடியில் இருந்த ஓட்டை வழியாகக் கல்லறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க போட்டதுதானே?" என்றேன்.

"நாங்க போட்டா இவ்ளோ நல்லா இருக்காது சார்" என்றார் அவர். "உங்க ஆளுங்க வேலை."

எங்கள் ஆட்கள் வேலைதான். அன்று மதியமே எங்கள் கோயில் விழாக்குழுத் தலைவரின் கடைக்குப் போனேன். ஹார்டுவேர் வியாபாரி. பங்கில் எது நடந்தாலும் சிமெண்ட் அவர் கடையிலிருந்துதான் போகும். அவர் மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னார்.

"ஆமாண்ணே, நாமதான் போட்டோம். புதுத் தேர் போகணும்ல?"

பழைய நாட்களில் எங்கள் திருவிழாவில் புனிதரின் சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்து ஆட்கள் தோளில் சுமந்து வருவார்கள். வாய்க்கால் வந்ததும் ஒரு குரல் கொடுத்து, எல்லோரும் ஒன்றாகத் தாண்டுவார்கள். இப்போது சக்கரம் வைத்த தேர். மாடி உயரம், உடம்பெல்லாம் பல்பு. முந்தைய வருடம் வாய்க்காலில் சக்கரம் இறங்கி, சுரூபம் ஆடி, பெண்கள் அலறியிருக்கிறார்கள். புனிதர் குலுங்கக்கூடாது என்று அந்த வருட மே மாதத் திருவிழாவுக்கு முன்னால் வாய்க்காலில் ஜல்லியைக் கொட்டி கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். குழாய் ஒன்று பதிக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. அந்த மே மாதம் நான் திருவிழாவுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலோரம் இருந்தேன். தேர் குலுங்காமல் அந்தச் சந்தைக் கடந்த வாரத்தில்தான் அவள் பேச்சு நின்றது.

"அந்தத் தண்ணி எங்க போகும்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"தண்ணி அதுவா ஒரு வழி தேடிக்கும்ணே."

தேடிக்கொண்டது. என் மனைவியிடம் போய் நின்றது.

பொறியாளரைத் திரும்பப் பிடித்து, இதை உடைத்துத் தாருங்கள் என்றேன். அவர் அலுத்துக்கொண்டார்.

"சார், எங்க ரெக்கார்டுல அங்க வாய்க்காதான் இருக்கு. கான்கிரீட்டே இல்ல. இல்லாதத உடைக்க நான் எப்படி எஸ்டிமேட் போடுறது?"

வாழ்நாள் முழுக்க நான் கேட்கக் காத்திருந்த வாக்கியம் போல இருந்தது அது.

"இல்லாதத உடைக்க யாரும் அனுமதியும் வாங்க வேண்டியதில்லையே, மேடம்?"

அவர் ஸ்கூட்டரில் சாவியைப் போட்டார். "நீங்க சொன்னது என் காதுல விழல சார். வண்டிச் சத்தம்" என்றார். வண்டியை அப்புறம்தான் கிளப்பினார்.

திருநாளுக்கு முன்தினம் காலையில் கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் மெஷினோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன். மைத்துனி வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து சந்தின் முனையில் போட்டு, கையில் குடையோடு உட்கார்ந்துகொண்டாள். ஆசிரியையாக இருந்தவள். வழிமறித்து உட்காருவது அவளுக்கு வரும். முதல் துண்டு பெயர்வதற்குள் விழாக்குழுத் தலைவர் பைக்கில் பறந்து வந்தார். பின்னாலேயே ஃபாதரும்.

"அண்ணே, படிச்சவரு நீங்க. கோயில் சொத்த உடைக்கிறீங்களே!"

"கோயில் சொத்தா? ரோட்டுல எப்படிய்யா கோயில் சொத்து வந்துச்சு? எழுதிக் குடுங்க, அத வெச்சே ஒரு மனு போடுறேன்."

"தேர் கவுந்து சுரூபம் உடஞ்சா யாரு பொறுப்பு?"

மைத்துனி நாற்காலியிலிருந்து அசையாமல் பதில் சொன்னாள். "சுரூபம் உடஞ்சா ஒட்டிக்கலாம் தம்பி. உங்க அம்மாவும் உள்ளதான படுத்துருக்காங்க? போய்ப் பாத்தீங்களா?"

அவர் பார்த்திருக்கவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. ஃபாதர் அவர் தோளில் கைவைத்து ஏதோ சொன்னார். அவர் கையை உதறிவிட்டு, பைக்கை அங்கேயே விட்டுவிட்டு கல்லறை கேட்டுப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது வேட்டி முட்டிவரை நனைந்திருந்தது. உடைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியத்துக்குள் வழி திறந்தது. உள்ளே நின்ற தண்ணீர் சுவர் ஓட்டையில் முதலில் தயங்கியது, பிறகு ஒரு சத்தத்தோடு வாய்க்காலில் இறங்கியது. மாலையில் கல்லறைக்குள் கால் வைக்க முடிந்தது. தண்ணீர் நின்ற இடமெல்லாம் கரிய சேறு படிந்திருந்தது. நானும் மைத்துனியும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். வெள்ளையடித்தால் ஈரத்தில் நிற்கவில்லை. எழுத்துகளின் பள்ளத்தில் புகுந்திருந்த சேற்றை ஒரு பழைய பல்துலக்கியால் எடுத்தேன். நாற்றம் முழுதாகப் போகவில்லை. அவள் இருந்திருந்தால் இன்னொரு முறை கழுவச் சொல்லியிருப்பாள். கழுவினேன்.

மறுநாள் ஃபாதர் வந்து ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்தார். முடிந்ததும் மைக்கில் நன்றி சொன்னார்: விரைந்து செயல்பட்ட அலுவலகத்துக்கும், அல்லும் பகலும் உழைத்த விழாக்குழுவினருக்கும். கையில் மெழுகுதிரி இருந்ததால் நான் வாய் திறக்கவில்லை. ஊதி அணைத்துவிட்டுப் பேசியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அண்மையில் பங்குப்பேரவைக் கூட்டத்தில், திருவிழாவுக்கு முன் வாய்க்காலை மறுபடி மூட வேண்டும் என்று ஒருவர் பேச்சை எடுத்தார். தண்ணீர் போக வழிவிட்டு மேலே சிறு பாலம் கட்டுங்கள் என்றேன். பாலத்துக்குத் துறையின் அனுமதி வேண்டும், அது கிடைக்க வருடங்களாகும் என்றார்கள். மூடுவதென்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லையாம்.

"அப்ப சக்கரத்த விடுங்க. பழையபடி சப்பரத்தத் தோள்ல தூக்கிட்டுத் தாண்டுங்க" என்றேன்.

"யாருண்ணே இப்பத் தூக்குறா? ஆளே இல்ல" என்றார் விழாக்குழுத் தலைவர். முன்பிருந்த வேகம் அவர் குரலில் இல்லை.

முதல் ஆளாக என் பெயரை எழுதச் சொன்னேன். கூட்டத்தில் சிலர் என் வயதைப் பார்த்துச் சிரித்தார்கள். இடுப்பு போய்விடும் என்று ஃபாதர் அக்கறையாகச் சொன்னார். போகட்டும். அடுத்து நான் போக வேண்டிய இடம் அந்தச் சந்தை ஒட்டியே, அவள் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போதைக்கு அது காய்ந்திருக்கிறது. காய்ந்தே இருக்க வேண்டும்.