புல்தரையைச் சுற்றி

2018-இல் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அட்மின் வேலை பார்த்தேன். பஸ், கேன்டீன், தோட்டம் எல்லாம் என் தலையில். பசுமைச் சான்றிதழுக்கு ஆய்வு வருகிறது என்றதும், வரைபடத்தில் பச்சை எங்கே குறைகிறது என்று பென்சிலோடு உட்கார்ந்தேன்.

குறைந்த இடம் ஒரு புங்கமரத்தடி. அங்கே வயல் இருந்த காலத்து மரம். கேன்டீன், உற்பத்தி லைனில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் என்பதால், துப்புரவும் தோட்டமும் பார்க்கும் ஒப்பந்தப் பெண்கள் அதன் நிழலில்தான் சாப்பிட்டுக் காலை நீட்டுவார்கள். நிழலில் புல் முளைக்கவில்லை, வெறும் மண். மரமே பச்சைதானே என்று எனக்குத் தோன்றவில்லை. தரையை மட்டுமே பார்த்தேன். மரத்தை வெட்டக் கையெழுத்துப் போட்டேன். என்ன புத்தியோ!

கேன்டீன் வாசலிலிருந்து முதலுதவி அறை வரை புல்தரை வந்தது. மிதிக்காதீர்கள் என்று பலகை வைத்தேன். மிதித்த ஒரு பெண்ணின் கேட் பாஸைப் பிடுங்கி, சாயங்காலம் வரை அலையவிட்டேன். ஆய்வுக்கு வந்தவர்கள் கைகுலுக்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெண்கள் தகரச் சுவரோரம் ஒண்டிக்கொண்டார்கள். "இன்னா சார் இது, ஒக்கார்ற எடமெல்லாம் தோசைக்கல்லு மாதிரி கீது" என்றார் புல்லுக்குத் தண்ணீர் விடும் அக்கா. ஷெட் போடச் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு மதியம், அந்த அக்கா கேன்டீன் வாசலருகே குழாயைப் பிடித்தபடியே சரிந்தார். நான் எதிரே முதலுதவி அறை வாசலில் நின்றிருந்தேன். நாலு பெண்கள் அவரைத் தூக்கினார்கள். புல்லின் குறுக்கே வந்தால் கொஞ்ச தூரம்தான். அவர்கள் வரவில்லை. புல்லின் ஓரமாகவே, கொதிக்கிற கான்கிரீட்டில், சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தியின் செருப்பு கழன்றது, வெறுங்காலோடே ஓடினாள். அக்காவின் தலை தொங்கி ஆடியது.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், "குறுக்க வாங்க! புல்லு மேல வாங்க!" என்று கத்தினேன். யாரும் கால் வைக்கவில்லை. முழுச் சுற்றும் சுற்றித்தான் வந்தார்கள்.

"ஏம்மா, நேரா வந்திருக்கலாம்ல? உசுரு போற நேரத்துலயுமா?"

செருப்பில்லாதவள் மூச்சு வாங்க என்னைப் பார்த்தாள். "நீங்க தான சார் அன்னிக்கு என் பாஸைப் புடுங்கினீங்க" என்றாள். அவளை நான் அதுவரை அடையாளம் காணவே இல்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். அதற்குள் பலகையை நானே பிடுங்கி எறிந்திருந்தேன். "இனிமே குறுக்கவே நடங்கக்கா" என்று கெஞ்சினேன். "சரி சார்" என்று தலையாட்டினார். குழாயை எடுத்தார். புல்லின் ஓரமாகவே, வெயிலில், சுற்றிக்கொண்டு போனார்.