முறுக்கிப் பார்க்க விடாத பிராண்ட்

மூன்றாம் வகுப்போடு நின்று, சுங்காய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே சொந்தமாக ஐந்து ஏக்கர் வாங்கியவன் நான். பால் வெட்டும் கத்தியைக்கூட நகத்தில் வைத்துக் கூர் பார்க்காமல் வாங்க மாட்டேன். எண்பதுகளில் ஈப்போ டவுன் கடையொன்றில் புல்வெட்டும் மிஷின் வாங்கியபோது, பிளேடு நட்டை முறுக்கிப் பார்க்க ஸ்பேனர் கேட்டேன்.

“அண்ணே, இந்த பிராண்டைச் சந்தேகப்பட்டா சாமி குத்தம்லா! தோட்டத்து ஆளுக்கு மிஷினப் பத்தி என்ன தெரியும்?” என்றான் விற்பனைக்காரன்.

கடையே சிரித்தது. ரோஷத்தில் பார்க்காமலே தூக்கி வந்துவிட்டேன். மறுநாள் பிளேடு கழன்று, முழங்காலை உரசிப் பறந்து ரப்பர் மரத்தில் குத்தி நின்றது.

அதைப் பிடுங்கிப் போய் அவன் மேசையில் போட்டேன்.

“எங்க பிராண்டு கழலாதுண்ணே, நீங்கதான் ஏதோ நோண்டியிருக்கீங்க!” என்றான், வெட்கங்கெட்டவன்.

இப்போது எந்தக் கடைக்கும் சொந்த ஸ்பேனரோடுதான் போகிறேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும், எனக்கு இரண்டு காலும் வேண்டும்.