தெவசத்துக்கு முந்தின நாள் பிடுங்கிய பல்

மகாராஜா காலம். கல்யாணமாகித் திருவனந்தபுரம் கோட்டைக்குள் வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கடைவாய்ப் பல் வலியில் நான் துடிக்க, மாமியார் என்னை ஜட்காவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பல்லைப் பிடுங்கிய டாக்டர் மலையாளத்தில் இரண்டு தடவை சொன்னார்: நாளை சாயங்காலம் வரை வாய் கொப்பளிக்கவே கூடாது, அதன் பிறகு உப்புப் போட்ட வெந்நீரை மெல்ல வாயில் வைத்திருந்து வெளியே விட்டால் போதும், அலசக் கூடாது.

மறுநாள் மாமனாருடைய அப்பாவின் தெவசம். "நாளைக்கு மடியாச் சமைக்க ஆகுமோடி, இல்லேன்னா படுத்துக்கோ" என்றாள் மாமியார். நான் வந்தபின் வரும் முதல் தெவசம். இந்த மாட்டுப்பெண் எதற்கும் லாயக்கில்லை என்று யாராவது சொல்லிவிட்டால்? "ஆகும்மா" என்றேன். என் வீம்பு அப்படி.

விடிகாலையில் கிணற்றடியில் குளித்தேன். எச்சில் வாயோடு மடிச் சமையலுக்குள் எப்படிப் போவது? பிறந்த வீட்டுப் பழக்கம், வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கன்னம் வலிக்க அலசிக் கொப்பளித்தேன். டாக்டர் சொன்னது துப்பின பிறகுதான் ஞாபகம் வந்தது. புண் திறந்துகொண்டுவிட்டது.

துப்பினால் தெரிந்துவிடும் என்று ரத்தத்தை விழுங்கிக்கொண்டே தேங்காய் துருவினேன். மாமியார் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, "துருவி ஆச்சா?" என்றாள். தலையை ஆட்டினேன். அவளுக்கு எங்கே தெரியும்? "ஏண்டி, வாயில கொழுக்கட்டையா?"

"ஆச்சும்மா" என்று வாயைத் திறந்தேன். வெள்ளைத் துருவல்மேல் சிவப்பாகச் சொட்டியது. 

மடியாகச் சமைப்பவள் எச்சிலும் ரத்தமுமாக நிற்கிற என்னைத் தொடக் கூடாது. அவளோ தன் புடவைத் தலைப்பைக் கிழித்துச் சுருட்டி, என் தாடையைப் பிடித்து வாய்க்குள் வைத்து, "கடிச்சுக்கோ. சாரமில்லை, பரவாயில்லை" என்றாள். துருவலைக் கொல்லையில் கொட்டிவிட்டு, மறுபடி குளித்து ஈரப் புடவையோடு வந்து வேறு தேங்காயை உடைத்தாள்.

கூடத்திலிருந்து மாமனார் குரல் வந்தது. "இன்னும் ஆகலையா? பிராமணா காத்துண்டிருக்கா."

"கை தவறித் தேங்காய் கீழ போயிடுத்து. வேற துருவறேன்" என்றாள் மாமியார்.

"இத்தனை வருஷமாச் சமைக்கறாய், ஒரு சிரத்தை வேண்டாமா?" வந்திருந்தவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி கத்தினார். மாமியார் குனிந்து துருவிக்கொண்டே இருந்தாள். நான் என்ன பேச? என் வாயில் துணி இருந்தது. கூசிப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

சாயங்காலம் சொம்பில் உப்பு வெந்நீர் கொண்டு வந்தாள். "மெல்ல" என்றாள். வாயில் வைத்திருந்து, தலையைச் சாய்த்து வெளியே விட்டேன். தண்ணீர் தெளிவாக வந்தது.

இப்போது பேசவிடாமல் தடுக்க வாயில் துணியும் இல்லை, தண்ணீரும் இல்லை. மாமனார் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.